தடாகம் கழுவும் இயந்திரம்: வாங்குவதா, விடுவதா?

நீச்சல் தடாகம் என்ற சொல்லைக் கண்டதும், "இது நமக்குரிய விடயமல்ல" என்று பல சகோதரிகள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். சற்றுப் பொறுங்கள். வீட்டுக்குச் சலவை இயந்திரம் வாங்குபவருக்கும், சிறு கைத்தொழிலுக்கு மா அரைக்கும் இயந்திரம் வாங்குபவருக்கும் எழவேண்டிய கேள்விதான் எங்களுக்கும் எழுந்தது. ஒரு வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும்போது யாருடைய சுமை குறைகிறது? யாருடைய வருமானம் குறைகிறது? புதிதாக என்ன சுமை வந்து சேர்கிறது? இவற்றுக்கு விடை தேடிய அனுபவத்தையே இங்கு எழுதுகிறேன்.

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கத்தில் நானும் கணவரும் நான்கு அறைகள் கொண்ட சிறியதொரு விருந்தினர் விடுதியை நடத்தி வருகிறோம். கடற்கரை நடந்து செல்லும் தூரத்தில் இருந்தாலும், சிறு பிள்ளைகளுடன் வருபவர்கள் தடாகம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். அதனால் 2016 ஆம் ஆண்டில் ஒரு தடாகம் கட்டினோம். நீளம் 8 மீற்றர், அகலம் 4 மீற்றர், சராசரி ஆழம் ஒன்றேகால் மீற்றர். ஏறத்தாழ 40,000 லீற்றர் தண்ணீர் கொள்ளும்.

தடாகம் கட்டுவது ஒரு தடவைச் செலவு. அதைத் துப்புரவாக வைத்திருப்பதோ அன்றாட வேலை. எங்கள் பகுதியில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவது சித்திரை முதல் புரட்டாதி வரை. அதே காலத்தில்தான் கச்சான் காற்றும் வீசும். வறண்ட அந்தக் காற்று மணலையும் சருகையும் அள்ளிக்கொண்டு வந்து தண்ணீரில் கொட்டும். விருந்தினரின் கால்களில் ஒட்டிவரும் கடற்கரை மணல் வேறு. இலைகள் சிறிது நேரம் மிதக்கும். பின்பு அடியில் படிந்து கறையாகும்.

இந்த வேலையை எங்களிடம் பத்து வருடங்களுக்கும் மேலாகப் பணிபுரியும் ஓர் அக்காதான் செய்து வருகிறார். வயது 56. மகள் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்க, இரண்டு பேரப்பிள்ளைகளை இவரே வளர்க்கிறார். காலையில் வலையால் இலைகளை அள்ளுவார். வாரத்தில் இரண்டு நாட்கள், நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் சக்கரம் வைத்த உறிஞ்சு தட்டைப் பொருத்தி, குழாயைப் பம்பியுடன் இணைத்து, தடாகத்தின் அடித்தளம் முழுவதையும் இழுத்துத் துப்புரவு செய்வார். ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். அறைகளைக் கூட்டுவது, துணி உலர்த்துவது என மற்ற வேலைகளும் உண்டு.

கடந்த பருவத்தின் தொடக்கத்தில் அவர் வலது கையால் கம்பைத் தள்ளாமல் இடது கையால் தள்ளுவதை என் மகள் கவனித்தாள். விசாரித்தபோது, தோள்மூட்டு வலிக்காகச் சில மாதங்களாகக் கிளினிக் செல்வதாகவும், கையை உயர்த்தி நெடுநேரம் வேலை செய்ய வேண்டாமென வைத்தியர் கூறியிருப்பதாகவும் சொன்னார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் வேற ஆளைப் பார்ப்பியளோ எண்டு பயந்தன் தங்கச்சி" என்றார். அந்தப் பதில் பல நாட்களாக என் மனதை விட்டு அகலவில்லை.

மகள் உடனே ஒரு வழி சொன்னாள். "அம்மா, இப்ப ரோபோ வந்திருக்கு. தண்ணிக்குள்ள விட்டால் அதுவே கழுவும். ஒண்டை வாங்குவம்."

இயந்திரம் என்ன செய்கிறது?

தடாகம் கழுவும் இயந்திரங்கள் புதியனவல்ல. தென்னாபிரிக்காவில் 1974 ஆம் ஆண்டில் பேர்டினன்ட் ஷோவியே என்ற பொறியியலாளர் உருவாக்கிய 'கிரீப்பி க்ரோலி' என்ற உறிஞ்சு கருவி பல நாடுகளிலும் புகழ் பெற்றது. அவ்வகைக் கருவிக்குத் தனியான மோட்டர் கிடையாது. தடாகத்தின் பம்பி தண்ணீரை இழுக்கும் வேகத்திலேயே அது தானாக நகரும். விலையும் குறைவு. ஆனால் அள்ளும் குப்பை முழுவதும் பம்பியின் கூடைக்கும் மணல் வடிகட்டிக்குமே போய்ச் சேரும்.

ரோபோ எனப்படுவது இதிலிருந்து வேறுபட்டது. அதனுள் நகர்வதற்கு ஒரு மோட்டரும், தண்ணீரை உறிஞ்சுவதற்கு ஒரு மோட்டரும் இருக்கும். கீழே சுழலும் தூரிகை அழுக்கைக் கிளப்பும். உறிஞ்சிய தண்ணீர் அதன் வயிற்றிலுள்ள வடிகட்டிக் கூடையினூடாகச் சென்று மீண்டும் தடாகத்திற்கே திரும்பும். வீட்டு மின்சாரத்தைக் குறைந்த அழுத்தத்துக்கு மாற்றும் பெட்டியொன்று கரையில் இருக்கும். அதிலிருந்து மிதக்கும் வயரொன்று இயந்திரத்துக்குச் செல்லும். ஒரு தடவை கழுவி முடிக்க இரண்டு முதல் மூன்று மணித்தியாலம் எடுக்கும். வயரின்றி மின்கலத்தில் இயங்கும் வகைகளும் உண்டு.

இதிலுள்ள உண்மையான நன்மையையும் சொல்லவேண்டும். கையால் உறிஞ்சும்போது அழுக்கெல்லாம் மணல் வடிகட்டிக்குள் செல்வதால், அதை அடிக்கடி எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டியிருக்கிறது. மணிக்கு 10,000 லீற்றர் இறைக்கும் பம்பியை மூன்று நிமிடம் அவ்வாறு ஓடவிட்டால் 500 லீற்றர் தண்ணீர் வெளியே போய்விடும். ஆடி, ஆவணியில் கிணற்று நீர் அடியில் கிடக்கும்போது 500 லீற்றர் சிறிய அளவன்று. ரோபோ தன் கூடையிலேயே அழுக்கைச் சேர்ப்பதால் இந்த விரயம் குறையும்.

கணக்குப் பார்த்தோம்

கொழும்பிலுள்ள விற்பனையாளர் ஒருவர் எங்களுக்குக் கூறிய விலை 480,000 ரூபா. உத்தரவாதம் இரண்டு வருடம். நன்றாகப் பராமரித்தால் ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், மாதத்திற்கு 8,000 ரூபா விழுகிறது. இதில் தூரிகை, பட்டி, வடிகட்டி போன்றவற்றை மாற்றும் செலவு சேரவில்லை.

"மின்சாரம் மிச்சமாகும்" என்று விளம்பரத்தில் இருந்தது. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியபோது பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே அதையும் கணக்கிட்டோம். 150 வோற் இயந்திரம் இரண்டரை மணித்தியாலம் ஓடினால் அரை அலகுக்கும் குறைவாகவே செலவாகும். எங்கள் பம்பியோ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒன்றரை அலகு எடுக்கும். பார்த்தால் இலாபம்தான். ஆனால் தண்ணீரை வடிகட்டுவதற்காகப் பம்பி எப்படியும் தினமும் நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓடத்தான் வேண்டும். அக்கா உறிஞ்சு கம்பைப் பிடிப்பதும் அந்த நேரத்துக்குள்தான். ரோபோ வந்தாலும் பம்பியை நிறுத்த முடியாது. ஆகவே எங்கள் வீட்டில் மின்சாரம் மிச்சமாகப் போவதில்லை.

அடுத்தது உழைப்பின் கணக்கு. வாரத்துக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மாதத்துக்குச் சுமார் 13 மணித்தியாலம். அவருக்கு நாங்கள் கொடுக்கும் மாதச் சம்பளம் 45,000 ரூபா. அத்துடன் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் நாங்கள் செலுத்துகிறோம். இவற்றையெல்லாம் சேர்த்தாலும் அந்த 13 மணித்தியாலத்தின் பெறுமதி சுமார் 3,200 ரூபாதான்.

கணவர் கடதாசியை மடித்து வைத்துவிட்டு, "8,000 எங்கே, 3,200 எங்கே? கணக்கு முடிந்தது" என்றார். எனக்கு முடிந்ததாகத் தோன்றவில்லை. இயந்திரத்தின் விலை அதிகம் என்பதை மட்டுமா இந்தக் கணக்குக் காட்டியது? ஒரு பெண்ணின் உழைப்பு எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதையும் அல்லவா காட்டியது! மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வலிக்கும் தோளால் தொடர்ந்து தள்ளச் சொல்ல முடியுமா? அவ்வாறே, வலியைக் காரணங்காட்டி இயந்திரத்தை வாங்கிவிட்டு, பிறகு "வேலை குறைந்துவிட்டது" என்று சம்பளத்தில் கைவைத்தால் அது உதவியாகுமா? சம்பளம் குறைந்தால் சேமலாப நிதிக்குப் போகும் தொகையும் குறையும். அவருடைய முதுமைக் காலத்துக்கு இருப்பது அதுவொன்றே.

வேலை செய்பவரிடம் கேட்டோம்

இயந்திரம் மகளின் விருப்பம். கணக்கு கணவரின் பொறுப்பு. ஆனால் கம்பைப் பிடிப்பவர் அக்கா. எனவே தீர்மானம் எடுப்பதற்கு முன் அவரையும் அமரவைத்து, விற்பனையாளர் அனுப்பிய படங்களையும் வீடியோவையும் மகளின் தொலைபேசியில் காட்டினோம். முதலில், "இது வந்தாலும் வராவிட்டாலும் உங்களுடைய சம்பளம் குறையாது" என்று கணவர் தெளிவாகச் சொன்னார். அதைச் சொல்லாமல் கேட்டிருந்தால் உண்மையான பதில் வந்திருக்காது.

அவர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். பிறகு கேட்ட முதற் கேள்வி இது: "இது எத்தனை கிலோ?"

மகள் தேடிப்பார்த்து, 9 கிலோ என்றாள்.

"கழுவி முடிச்சாப் பிறகு ஆர் தூக்குறது?"

எங்கள் மூவரிடமும் பதில் இல்லை. அந்த இயந்திரத்தைத் தண்ணீரிலேயே விட்டுவைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்து, கூடையைக் கழற்றிக் கழுவி, நிழலில் வைக்க வேண்டும். வயரைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. கரைக்கு அருகில் இழுத்து வந்து, குனிந்து கைபிடியைப் பிடித்து, உள்ளே இருக்கும் தண்ணீர் வடியும்வரை தாங்கிக்கொண்டு நின்று, அதன்பிறகே மேலே எடுக்க வேண்டும். உருட்டிச் செல்ல வண்டி உண்டு. ஆனால் தண்ணீரிலிருந்து வண்டிக்கு ஏற்றுவது மனிதக் கைதான்.

"தங்கச்சி, தள்ளுறது பெரிய கஷ்டமில்லை. தண்ணிக்குள்ள பாரம் தெரியாது. தூக்கிறதுதான் தோளைப் பிடிக்கும். இப்பவும் தண்ணி நிறைஞ்ச அந்த ஹோஸைச் சுருட்டித் தூக்கேக்கதான் உயிர் போகுது" என்றார்.

இன்னொன்றையும் சொன்னார். அவருக்கு அதிக துன்பம் தருவது குளோரின் கரைக்கும் வேலை. தூள் மூக்கில் ஏறினால் இரவு முழுக்க இருமல். எந்த ரோபோவும் அந்த வேலையைச் செய்யாது. தண்ணீரின் குளோரின் அளவு பத்து இலட்சத்தில் ஒன்று முதல் மூன்று பங்குக்குள் இருக்க வேண்டும். பி.எச். பெறுமானம் 7.2 க்கும் 7.8 க்கும் இடையில் இருக்க வேண்டும். அதைப் பரிசோதிப்பதும் மருந்திடுவதும் மனிதரின் வேலையே. மேலே மிதக்கும் இலைகளை அள்ளுவதும் அப்படித்தான். நாங்கள் பார்த்த இயந்திரம் அடியையும் சுவரையும் மட்டுமே கழுவும்.

480,000 ரூபா கொடுத்து அவருக்குக் கஷ்டம் குறைந்த வேலையை எடுத்துவிட்டு, கஷ்டம் கூடிய வேலையை அப்படியே வைத்து, அதற்குமேல் 9 கிலோவைத் தூக்கும் வேலையையும் சேர்க்க இருந்தோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

யோசிக்க மேலும் இரண்டு விடயங்கள் இருந்தன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். விருந்தினரும் இல்லை, பம்பி ஓட்டவும் வழியில்லை. அப்படியென்று தடாகத்தைக் கைவிடவும் முடியாது. தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகினால், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். அந்த மாதங்களில் வலையையும் தூரிகையையும் வைத்துக்கொண்டே அக்கா தண்ணீரைப் பச்சை பிடிக்காமல் காத்தார். இரண்டாவது, கம்புடன் ஒருவர் கரையில் நிற்கும்போது தடாகத்தின்மேல் ஒரு கண் இருக்கிறது. உடைந்த ஓடு, விழுந்து கிடக்கும் கண்ணாடித் துண்டு, கதவைத் திறந்துகொண்டு வரும் குழந்தை ஆகியவற்றை அந்தக் கண் காணும். ரோபோ தண்ணீரில் இருக்கும்போது யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்பதால், அந்த மூன்று மணித்தியாலமும் எப்படியும் ஒருவர் காவலுக்கு வேண்டும்.

எங்கள் தீர்மானம்

அந்தப் பருவத்தில் ரோபோ வாங்குவதில்லை என்று நால்வரும் சேர்ந்து தீர்மானித்தோம். ஆனால் "வாங்கவில்லை" என்பதோடு நின்றிருந்தால் அக்காவின் தோள் அப்படியே இருந்திருக்கும். ஆகவே ஒதுக்கி வைத்த பணத்தில் ஒரு சிறு பகுதியை வேறு வேலைகளுக்குச் செலவிட்டோம்.

முதலாவது, அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். தடாகத்தின்மேல் நீட்டிக்கொண்டிருந்த வேப்பங்கிளைகளையும் கடதாசிப்பூக் கொடியையும் கத்தரித்தோம். நிழல் தரும் கிளைகளை விட்டுவிட்டோம். படிக்கு அருகே கால் கழுவும் குழாயொன்றைப் பொருத்தி, இறங்குமுன் மணலைக் கழுவும்படி மூன்று மொழிகளிலும் எழுதி வைத்தோம்.

இரண்டாவது, ஹோஸைச் சுருட்டுவதற்குச் சக்கரம் பூட்டிய உருளையொன்றை இங்குள்ள இரும்பு ஒட்டும் கடையிலேயே செய்வித்தோம். இப்போது அதைத் தூக்கத் தேவையில்லை. பழைய பாரமான கம்புக்குப் பதிலாக, ஆளின் உயரத்துக்கேற்ப நீட்டிக் குறைக்கக்கூடிய இலேசான கம்பு வாங்கினோம். வாரத்தில் ஒரு நாள் அக்காவும் ஒரு நாள் என் கணவரும் உறிஞ்சு கம்பைப் பிடிப்பதென ஏற்பாடு செய்தோம்.

மூன்றாவது, குளோரின் வேலைக்குக் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் வாங்கினோம். குளோரினைத் தண்ணீரில்தான் இடவேண்டும். குளோரின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அமிலத்துடன் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் களஞ்சிய அறைக் கதவில் ஒட்டினோம். வீட்டில் வெளிற்றும் திரவம் பாவிக்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். மலசலகூடம் கழுவும் அமிலத்துடன் அதை ஒருபோதும் கலக்காதீர்கள்.

நான்காவது, அக்காவின் மாதச் சம்பளத்தில் 3,000 ரூபாவைக் கூட்டினோம். கிளினிக் நாளில் விடுமுறை, சம்பளம் வெட்டப்படாது.

இவ்வளவுக்கும் செலவான தொகை இயந்திரத்தின் விலையில் ஆறிலொரு பங்கைக்கூட எட்டவில்லை. கச்சான் ஓய்ந்தபின் வாரத்துக்கு ஒரு தடவை உறிஞ்சினாலே போதுமாக இருந்தது. அக்காவின் தோள் முற்றாகச் சுகமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் வலி வந்தால் இப்போது அவர் மறைப்பதில்லை. "இண்டைக்கு ஐயா பிடிக்கட்டும்" என்று கம்பைக் கணவரிடம் கொடுத்துவிடுகிறார்.

இயந்திரம் வேண்டாம் என்பது என் கருத்தல்ல. அம்மியும் ஆட்டுக்கல்லும் எங்கள் தாய்மாரின் கைகளைத் தேய்த்ததை நாம் அறிவோம். ரோபோவையும் நாங்கள் என்றென்றைக்குமாக ஒதுக்கிவிடவில்லை. மூன்று நிபந்தனைகளை எழுதி வைத்திருக்கிறோம். ஒருவர் குனியாமல் வெளியே எடுக்கக்கூடிய பாரமாக, அல்லது எடுப்பதற்குத் தக்க ஏற்பாடு உள்ளதாக அது இருக்கவேண்டும். பழுதானால் திருத்துபவரும் உதிரிப்பாகங்களும் இலங்கையிலேயே கிடைக்கவேண்டும். அதனால் எவருடைய வருமானமும் குறையக் கூடாது. இம்மூன்றும் பொருந்தும் நாளில் வாங்குவோம்.

நீங்களும் ஓர் இயந்திரம் வாங்கும் எண்ணத்தில் இருந்தால், கடைக்குப் போகுமுன் ஒரு கடதாசியை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கத்தில் அந்த இயந்திரம் எடுத்துக்கொள்ளும் வேலைகளையும், மறுபக்கத்தில் அது புதிதாகக் கொண்டுவரும் வேலைகளையும் எழுதுங்கள்: தூக்குதல், கழுவுதல், காவலிருத்தல், பழுதுபார்க்கக் கொண்டுபோதல். அந்த வேலையைத் தினமும் செய்பவர் தாயோ, மாமியோ, மருமகளோ, சம்பளத்துக்கு வருபவரோ, யாராக இருந்தாலும் அவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு எழுதுங்கள். நாங்கள் மூவரும் காணாத 9 கிலோவை அவர்தான் கண்டார்.